உஷார்! வேன் தரையில் ஓட்டை இருக்கிறதா, முதலில் பாருங்கள்

ஆடி நெருங்கிவிட்டது. வட சென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் வேன் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இப்போது ஒரே வேலை, வண்டியை ரெடி பண்ணுவது. சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு கிளம்பி, செங்குன்றம் வழியாகப் பெரியபாளையம் போய், பவானி அம்மன் கோயில் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து, ராத்திரி வண்டியிலேயே படுத்து, ஞாயிறு விடிந்ததும் பொங்கல் வைப்பது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, பிறகு லாரி, டெம்போ. இப்போது டிராவலர் வேன். மாட்டு வண்டியில் போனவர்களுக்குக் கொசுக்கடியைத் தாண்டிப் பெரிய ஆபத்து இருக்கவில்லை. இன்றைக்கு வேனில் போகிறவர்கள் ஜெனரேட்டர், சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி மூன்றையும் படுக்கைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வேனிலோ வேனை ஒட்டியோ ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே யாரும் தூங்கக் கூடாது. குழந்தை புழுக்கத்தில் அழுதாலும் கூடாது. பாட்டிக்கு மூச்சு முட்டுகிறது, ஏசி வேண்டும் என்றாலும் கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு, பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2024 டிசம்பர் 23ஆம் தேதி. கேரளத்தில் வடகரையை அடுத்த கரிம்பனப்பாலத்தில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தது. ஆசாமிகள் யாரும் வெளியே வரவில்லையே என்று சந்தேகப்பட்டுப் பார்த்தபோது, உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருவர் வாசற்படியருகே, மற்றவர் படுக்கையில். பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ராத்திரி ஓய்வெடுக்க நிறுத்தியிருக்கிறார்கள். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார்கள். அடிதடி இல்லை, கொள்ளை இல்லை, விஷம் எதுவும் சாப்பிடவில்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டே மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு 900 பி.பி.எம். அளவையும் தாண்டிவிட்டது.

அந்த அளவு என்ன செய்யும்? 800 பி.பி.எம். உள்ள இடத்தில் இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றல், குமட்டல். இரண்டு மணி நேரத்தில் மயக்கம். அப்புறம் எழுந்திருப்பது நம் கையில் இல்லை. வாசற்படி வரைக்கும் வந்தவர் வெளியே வர முயன்றாரோ என்னவோ, கதவுக்குப் பக்கத்திலேயே அவர் கதை முடிந்துவிட்டது.

அவர்கள் இரண்டு பேரும் வண்டித் தொழிலில் இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். தொழில் தெரிந்தவர்களையே ஏமாற்றிய வாயு இது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்று போகும், மூச்சு நடக்கும், உடம்புக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. ஆரம்பத்தில் தெரிகிற அறிகுறியோ சாதாரணத் தலைவலிதான். "வெயில்ல சுத்துனது, பித்தம், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஒரே வண்டியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் அது பித்தம் இல்லை. உடனே இன்ஜினையும் ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள், கதவைத் திறங்கள், எல்லோரையும் வெளியே இழுங்கள், 108-க்குப் போன் போடுங்கள். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக, "ஜெனரேட்டர் ஓடிய வண்டிக்குள் இருந்தார்" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜனுக்கும் இந்த வாயுவுக்கும் வித்தியாசம் தெரியாது. உயிர் போகிற நிலையிலும் அது 98, 99 என்றுதான் காட்டும். கொரோனா காலத்தில் வாங்கிய அந்தக் கருவி வீட்டுக்கு வீடு இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இனி நம்ம ஊர் வண்டிக்கு வருவோம்.

எங்கள் பகுதி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் சமீபத்தில் ஒரு பழைய டிராவலர் வேனுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பிளைவுட்டில் அகலமாக ஒரு கட்டில். கட்டிலுக்கு அடியில் வலது பக்கம் வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டர், இடது பக்கம் வீட்டிலிருந்து எடுத்து வந்த டியூபுலர் பேட்டரி. டிக்கியில் பெட்ரோல் ஜெனரேட்டர். அதன் புகைக் குழாயை வெளியே விட, தரைத் தகட்டில் டிரில் போட்டு ஓட்டை. குழாய் ஒன்றரை அங்குலம் என்றால் ஓட்டை மூன்று அங்குலம். சுற்றி இடைவெளியில் பழைய துணி திணித்திருந்தது. இன்னோர் ஓட்டை ஒயருக்கு, அதில் ரப்பர் கிராமெட் இல்லை, தகட்டின் கூர்முனை ஒயரின் தோலிலேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது, கை கழுவுகிற தண்ணீர் வெளியேற. "புகை உள்ள வராதா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆவாதுண்ணே, நம்ம கையில எத்தினி வண்டி போயிருக்கு" என்றார் வேலை பார்த்தவர். அவர் கெட்டவர் இல்லை. வெல்டிங், பெயின்ட் இரண்டிலும் அவர் கை நல்ல கை. ஆனால் வண்டிக்குள் ஆள் தூங்குகிற கணக்கை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த வண்டியில் தப்பு இல்லாத பொருளே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஜெனரேட்டர். அது வண்டிக்குள்ளும் இருக்கக் கூடாது, டிக்கியிலும் கூடாது, அடியிலும் கூடாது. கீழே இறக்கி, குறைந்தது இருபதடி தள்ளி, புகை வண்டிப் பக்கம் வராத திசையில் வையுங்கள். பக்கத்து வண்டிக்காரரின் ஜன்னல் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள், பெரியபாளையத்தில் வண்டிகள் ஒட்டி ஒட்டித்தான் நிற்கும். 'சைலன்ட் ஜெனரேட்டர்' என்று பெட்டி மாதிரி அழகாக வருகிறதே, அதில் குறைவது சத்தம் மட்டும்தான். சத்தம் இல்லாததால் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறோம், அதுவே கூடுதல் ஆபத்து. சினிமா ஷூட்டிங்கில் ஜெனரேட்டர் வண்டியைத் தனியாக, தூரத்தில் நிறுத்திக் கேபிள் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் என்று ஆரம்பித்த ஏற்பாடு அது, உயிருக்கும் நல்லது. தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து கொசுவலையை மாட்டிக்கொண்டால் ஆடிக் காற்றே போதும்.

ஜெனரேட்டர் இல்லை, இன்ஜினை ஓடவிட்டு வண்டி ஏசியில்தான் தூங்குவேன் என்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சைலன்சரில் துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்தாலும், ஓடும் வண்டியில் காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும். நிற்கும் வண்டியில் புகை அடியிலேயே தேங்கி, தரை ஓட்டைகளைத் தேடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்திவிட்டால் புகை வராது என்பதும் பொய். ஓட்டை வழியாக வருகிறதை அந்தப் பொத்தான் தடுக்காது.

கரியும் இதே ரகம். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் குளிருக்கு அடுப்புக்கரி மூட்டிக்கொள்கிறார்கள். 2024இல் கொடைக்கானலில், பார்பிக்யூ போட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவே இல்லை. அது அறை. வேன் அதில் கால்வாசி.

அடுத்தது கேஸ். இங்கே எனக்குக் கோபமே வருகிறது. நம்மைச் சுற்றி எண்ணெய்க் கிடங்கு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் பக்கம் கேஸ் முனையம். இவற்றின் நடுவே பிறந்து வளர்ந்த நாம் கேஸை இவ்வளவு அலட்சியமாகக் கையாளலாமா? கொருக்குப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கொடுங்கையூர். 2017 ஜூலையில் அங்கே ஒரு பேக்கரியில் தீப்பிடித்து, அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்துத் தீயணைப்பு வீரர் பலியானார். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் கருகிக் காயம்பட்டார்கள். அது ராத்திரி நேரம், தெருவே திரண்டு நின்றது. எரிகிற வண்டியைச் செல்போனில் படம் பிடிக்க நெருங்குகிறவர்கள் அந்த ராத்திரியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் பிளைவுட் கட்டிலுக்கு அடிதான் அந்தப் பள்ளம். திரவமாக ஒரு லிட்டர் கசிந்தால் வாயுவாக ஏறக்குறைய 250 லிட்டர் ஆகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். டிராவலர் வேனின் உள்ளே உத்தேசமாகப் பத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர் காற்று இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோ கேஸ் கசிவதற்குள் வண்டி முழுவதும் வெடிக்கத் தயார். விடியற்காலை யாராவது லைட் ஸ்விட்சைத் தட்டினால் போதும். கசிவு தெரியவேண்டும் என்றுதான் கேஸில் நாற்றமுள்ள ரசாயனத்தைக் கலக்கிறார்கள். ஆனால் தூங்குகிற மூக்குக்கு நாற்றம் உறைக்காது.

மதுரையில் நடந்தது மறந்துபோயிருக்காது. 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை ஐந்தேகால் மணி. லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டியைப் புனலூர் – மதுரை ரயிலிலிருந்து கழற்றி, மதுரை நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். யாத்திரை வந்தவர்கள் விதியை மீறி உள்ளே சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். டீ போடப் பற்றவைத்ததில் பெட்டி எரிந்து ஒன்பது பேர் போனார்கள். அதுவும் நம்மைப்போலக் கோயில் கோயிலாகப் போன கூட்டம். அதுவும் 'நின்றுகொண்டிருக்கிற வண்டிதானே, ஒரு டீ போடலாம்' என்கிற நினைப்பு.

சமைக்காமல் போகச் சொல்லவில்லை. பொங்கல் வைக்கத்தானே போகிறோம். சமையல் தரையில், வெட்டவெளியில், வண்டியிலிருந்து பத்தடிக்கு அப்பால். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, நிற்கும் வாக்கில் கட்டி வையுங்கள், படுக்கவைக்காதீர்கள். ராத்திரி சிலிண்டரும் வெளியேதான் தூங்க வேண்டும். வீட்டு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்குத் தரப்படுவது, அதை வண்டிக்கு எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய் நிறுவனங்களே விற்கிற 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது, அடையாள அட்டை ஒன்றைக் காட்டினால் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கைப்பிடியைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அதுதான் அடுத்த சோதனைக்கான கெடு. ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள். பச்சை ரப்பர் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு சுரக்ஷா டியூபை வாங்குங்கள். அதற்கும் ஐந்து வருட ஆயுள்தான், தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும்.

தெருவோரக் கடையில் கிடைக்கும் குட்டி சிலிண்டரை மட்டும் தொடவே தொடாதீர்கள். பர்னர் மேலேயே திருகி வைத்திருக்கும் அந்த வகையைத்தான் சொல்கிறேன். பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து அதிலிருந்து இதில் பிடித்துத் தருகிறார்கள். ஆலையில் நிரப்பும்போது, சூட்டில் திரவம் விரிவதற்கு ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுவார்கள். கடைக்காரர் கணக்கு வேறு, வாய்வரை நிரப்பினால்தான் வாடிக்கையாளருக்குத் திருப்தி. கதவு மூடிய வேன் வெயிலில் நின்றால் உள்ளே அறுபது டிகிரி சாதாரணம். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கரன்ட் பக்கம் வருகிறேன். வீட்டில் 1,000 வாட் சாதனம் நாலைந்து ஆம்பியர்தான் இழுக்கும், ஏனென்றால் அங்கே 230 வோல்ட். வண்டி பேட்டரி 12 வோல்ட். அதே 1,000 வாட்டுக்கு இங்கே 83 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 750 வாட் மிக்சியே அறுபதைத் தாண்டும். நம் ஆட்கள் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இழுப்பது, வீட்டு லைட்டுக்கும் பிளக்குக்கும் போடுகிற 1.5 ஸ்கொயர் ஒயர். அது பதினைந்து ஆம்பியர் தாங்கினால் பெரிது. அதற்கு மேல் கரன்ட் ஓடினால் ஒயர் சூடாகி, கட்டிலுக்கு அடியில், மெத்தைக்குக் கீழே உருகும். 25 அல்லது 35 ஸ்கொயர் கேபிள் வேண்டும், நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸை இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் நடுவில் ஒயர் உரசிப் பற்றும்போது அது சும்மா வேடிக்கை பார்க்கும். வீட்டு டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், மேட்டில் ஏறினால் ஆசிட் சிந்தும். மூடிய இடத்தில், தலைமாட்டில், அதற்கு இடமே இல்லை.

ராஜஸ்தானில் ஜெய்சால்மர் அருகே 2025 அக்டோபர் 14ஆம் தேதி ஒரு பஸ் எரிந்தது. தீபாவளி நெருங்கிய நேரம், இருபது பேருக்கு மேல் சாவு. ஏசி இல்லாத பஸ்ஸாக இருந்ததை ஏசி பஸ்ஸாக மாற்றியிருந்தார்கள். மாற்றின வேலையும் ஒயரிங்கும்தான் விசாரணையில் முதலில் அடிபட்டன, பாடி கட்டின நிறுவனத்தின் உரிமையாளர் கைதானார். கதவு திறக்கவில்லை, தப்பிக்க வழியில்லை என்பதுதான் சாவைக் கூட்டியது.

கதவு என்றதும் அந்தப் பிளைவுட் கட்டில் ஞாபகம் வருகிறது. அது பின் கதவை அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. அவசரத்துக்கு உடைக்க வேண்டிய ஜன்னலில், சாமான் விழக் கூடாது என்று வெல்ட் வைத்த கம்பி. திருட்டுப் பயத்துக்குப் பக்கவாட்டுக் கதவின் உள்பக்கம் இரட்டைத் தாழ்ப்பாள். ஐந்து பேர் தூங்குகிற வண்டியில் வெளியே வர ஒரே வழி, அதுவும் இருட்டில் இரண்டு தாழ்ப்பாள் தடவித் திறக்க வேண்டும். கம்பியை இன்றைக்கே அறுத்துவிடுங்கள். கட்டிலைப் பின் கதவு திறக்கும்படி இரண்டாகப் பிரித்து மடக்க வையுங்கள். கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியல் இரண்டு, ஒன்று டிரைவர் பக்கம், ஒன்று பின்னால், குழந்தைகளுக்கும் தெரியும்படி மாட்டுங்கள்.

கூரையில் 200 லிட்டர் தண்ணீர் டேங்க் வைக்கிற மோகம் வேறு கிளம்பியிருக்கிறது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. தலைக்கனம் கூடின வண்டி திருப்பத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. டேங்கைக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள், அல்லது கேன் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை டிராலியில் வைத்து வேனுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போகிறவர்களையும் பார்க்கிறேன். டிராலி சட்டப்படி தனி வண்டி, அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர், பின்விளக்கு எல்லாம் உண்டு. கயிறு கட்டி இழுக்கிறவரிடம் அதில் ஒன்றும் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. படுத்துத் தூங்குகிற வண்டிதான் வேண்டும் என்றால் அதற்கென்றே மோட்டார் கேரவன் தரம், ஏ.ஐ.எஸ். 124, இருக்கிறது. அதன்படி கட்டி, ஆர்.டி.ஓ.விடம் காட்டி, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். செலவு ஆகும், அலைச்சல் ஆகும். ஆனால் சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டதைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் படம் எடுப்பார்.

இந்த எச்சரிக்கை கோயிலுக்குப் போகிற வேன்களோடு முடிவதில்லை. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வரை, கன்டெய்னர் டிரெய்லர்களின் கேபினையே வீடாக்கிக்கொண்டு நாள்கணக்கில் காத்துக்கிடக்கிற டிரைவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும்தான். இருக்கைக்குப் பின்னால் படுக்கை, காலடியில் குட்டி அடுப்பு, மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே சமையல். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். பழைய லாரிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வெளியில் ஏசி மாட்டுகிறார்கள். மாட்டுங்கள், தப்பில்லை, அந்த வெயிலில் கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒயரும் ஃபியூஸும் மேலே சொன்ன கணக்கில் இருக்கட்டும், தூங்கும்போது இன்ஜின் அணைந்திருக்கட்டும். டிரைவர் சாப்பிட ஓர் இடமும் படுக்க ஓர் இடமும் துறைமுகத்து வாசலிலேயே இருந்தால் கேபினுக்குள் அடுப்பு எதற்கு என்ற கேள்வி வேறு இருக்கிறது. அதை டிரைவரிடம் கேட்டுப் பயனில்லை, லாரி முதலாளிகளிடமும் துறைமுகத்திடமும் கேட்க வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு வண்டிச் சாமான் கடைகளுக்குப் போனால் கலர் லைட்டு, பெரிய ஸ்பீக்கர், குரோம் கம்பி என்று கண்ணைப் பறிக்கும். முன்னால் மாட்டுகிற கிராஷ் கார்டை 2017இலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது, இன்னும் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அதை எல்லாம் தாண்டிப் போய், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கேளுங்கள். கடைக்காரர் கேஸ் லீக் அலாரத்தை எடுத்து நீட்டுவார், அது வேறு, இது வேறு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இ.என். 50291 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள், கேரவனுக்கும் படகுக்கும் என்றே அதில் இரண்டாம் பகுதி இருக்கிறது. மோனாக்சைடு அலாரம் படுத்திருக்கும் தலை உயரத்தில், கேஸ் அலாரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பச்சைக் கோட்டில் முள் நிற்கிற ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று, கதவுக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில் வேண்டாம். ஜெனரேட்டர் கேபிளில் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் ஒன்று. பெரியபாளையம் ஆரணி ஆற்றங்கரை ஈரத்தில், தகட்டு வண்டியில் கரன்ட் கசிந்தால் ஏறுகிறவர் உயிரே போய்விடும். ஓட்டைக்கு ரப்பர் கிராமெட், சூடு தாங்கும் சீலன்ட், இதெல்லாம் சில்லறைக் காசு. ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட ஆகாது.

டயரையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் அது தயாரான தேதி, முதல் இரண்டு இலக்கம் எந்த வாரம் என்றும் கடைசி இரண்டு எந்த வருடம் என்றும் சொல்லும். மேலே பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயர், ஆளும் சாமானும் ஏறின வண்டியை ஆடி வெயிலில் தாங்காது.

கேஸ் வாடை வந்தால் 1906, தீ என்றால் 101, எதற்கும் 112. செல்போனில் வைத்தால் சார்ஜ் போனதும் போய்விடும், வண்டிக் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். இந்தச் சனிக்கிழமை வண்டி கிளம்புவதற்கு முன், தரை விரிப்பை எல்லாம் சுருட்டிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போகட்டும், ஒருவர் உள்ளே இருக்கட்டும். அடியிலிருந்து அடிக்கிற வெளிச்சம் உள்ளே எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறி போடுங்கள். அத்தனையும் அடைபட்ட பிறகு வண்டியை எடுங்கள். வேலை முடியவில்லை என்றால் அடுத்த வாரம் போகலாம், ஆடியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பஞ்சமில்லை.